மார்கழியில் நகர்ந்த கொட்டில்

யாழ்ப்பாணத்து வளவு ஒன்றுக்குள் போனால் அங்கே வீடு மட்டும் தனியே நிற்பதில்லை. பின்பக்கம் குசினி, அதற்கு அங்கால் விறகுக் கொட்டில், வேலியோரம் ஆட்டுக்கொட்டில், கோழிக்கூடு, கிணற்றடி என்று ஒரு வீடு வளவு முழுவதும் பரந்து கிடக்கும். கல்வீடு கட்ட வசதி இல்லாதவர்களிடமும் கொட்டில் இருந்தது. கல்வீடு இருந்தவர்களிடமும் கொட்டில் இருந்தது. கதியாலும் பனஞ்சலாகையும் ஓலையும் வளவுக்குள்ளேயே கிடைத்ததால் அதை யாரும் ஒரு சொத்தாகக் கணக்கெடுத்ததில்லை. காணி உறுதி எழுதும்போது வீடு, கிணறு, வான்பயிர், தான்பயிர் எல்லாம் வரும். கொட்டிலுக்கு ஒரு வரி வந்தால் அது பெரிய விசயம்.

கொட்டிலின் மதிப்பை எமக்குக் காட்டியது இடப்பெயர்வுதான். 1990 யூன் மாதத்தில் வலிகாமம் வடக்கு மக்கள் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டார்கள். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, மாரி மழைக்குள், வலிகாமம் முழுவதுமே தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் நடந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் பலர் திரும்பி வந்தார்கள். 2000ஆம் ஆண்டில் தென்மராட்சி மக்களின் முறை வந்தது. போன இடத்தில் எல்லாம் முதல் வேலை நாலு தடி நட்டு ஒரு கொட்டில் போடுவதுதான். மற்றவர் காணி என்பதால் உடையவர் கேட்கும்போது அதைக் கழற்றி அடுத்த காணியில் போட வேண்டும். இதை வாசிக்கும் சகோதரிகளில் எத்தனை பேர் எத்தனை கொட்டில் போட்டுப் பிரித்திருப்பீர்கள் என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்.

இந்தக் கட்டுரை அப்படி ஒரு கொட்டிலைப் பற்றியது. ஆனால் இது ஊர் விட்டு ஊர் போன கொட்டில் அல்ல. சொந்த வளவுக்குள்ளேயே முப்பது யார் தூரம் நகர்ந்த ஓர் ஆட்டுக்கொட்டில். நகர்த்தியவர் ஒரு பெண், தனியாள்.

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே போனால் கொக்குவில், கோண்டாவில், இணுவில், மருதனார்மடம் என்று ஒன்றோடொன்று ஒட்டிய ஊர்கள். மருதனார்மடத்தில் சேர். பொன். இராமநாதன் 1913இல் பெண் பிள்ளைகளுக்கென்று தொடங்கிய கல்லூரி வீதியோரத்தில் நிற்கிறது. சுன்னாகம் சந்தை தாண்டும் வரை இரு பக்கமும் செம்மண். மாரி காலத்தில் இந்த மண்ணின் நிறம் பார்க்க வேண்டியது. கோடையில் தூசியாக எழும்புகிற அதே மண் மழை பட்டவுடன் மாட்டிறைச்சி நிறமாக மாறிவிடும். புகையிலைக் கன்று, வெங்காயம், மரவள்ளி எல்லாம் அதற்குள் பச்சையாக நிற்கும்.

மல்லாகத்தில் பஸ் நிற்கும்போது உள்ளே கோணாப்புலம் பக்கம் போகும் ஒழுங்கையை ஒருமுறை திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியாது. வலிகாமம் வடக்கு மக்கள் கால் நூற்றாண்டாகத் தகரத்துக்குள்ளும் ஓலைக்குள்ளும் வாழ்ந்த நலன்புரி நிலையங்களில் ஒன்று அங்கே இருந்தது. 2015 டிசெம்பரில், மாரி ஈரத்துக்குள், அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த முகாமுக்கு நேரில் வந்து ஆறு மாதத்துக்குள் பிரச்சினையைத் தீர்ப்பதாகச் சொல்லிப் போனார். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அப்போது பிள்ளைகள் பிறந்திருந்தார்கள்.

அடுத்தது தெல்லிப்பழை. துர்க்கை அம்மன் கோவில் கோபுரம் தெரியும். தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார் 2008இல் மறையும் வரை ஆதரவற்ற பெண் பிள்ளைகளை வைத்து வளர்த்த இல்லம் இந்தக் கோவிலோடு சேர்ந்ததுதான். இதற்கு வடக்கும் கிழக்குமாக வீமன்காமம், வறுத்தலைவிளான், கட்டுவன், மயிலிட்டி, வசாவிளான், பலாலி. வெகு காலம் இந்தப் பெயர்களை முகாம்களில் வளர்ந்த பிள்ளைகள் பிறப்புச் சான்றிதழில் மட்டும்தான் பார்த்தார்கள். 2015இல் ஒரு பகுதி காணி விடப்பட்டது. மயிலிட்டித் துறைமுகம் 2017 யூலையில், 27 ஆண்டுகளுக்குப் பிறகு விடப்பட்டது. 2018 ஏப்ரலில் இன்னும் 683 ஏக்கர். இன்றைக்கும் விடப்படாத காணிகள் உண்டு.

விடப்பட்ட காணிக்குள் முதல் நாள் போனவர்களைக் கேட்டால் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். கூரை இல்லாத வீட்டுக்குள் ஆலும் வேம்பும் வளர்ந்திருந்தன. வேலி இல்லை, ஒழுங்கை இல்லை. எது யாருடைய காணி என்று தெரியவில்லை. கிணற்றைக் கண்டுபிடித்து, அதிலிருந்து எத்தனை அடி கிழக்கே எங்கள் வாசல், எத்தனை அடி தெற்கே மாமரம் என்று பெரியவர்கள் நடந்து நடந்து அளந்தார்கள். கிணறு தூர்ந்து போனவர்களுக்கு அந்த வசதியும் இல்லை. நில அளவையாளர் வரும்வரை காத்திருந்தார்கள்.

வறுத்தலைவிளான் பக்கம் 2023 மார்கழியில் நாம் சந்தித்த அக்காவின் வளவு நாலு பரப்பு. கிணறு தப்பியிருந்தது. ஆகவே எல்லை பிரச்சினை இல்லை. திரும்பி வந்தபோது பத்துக்குப் பன்னிரண்டு அடியில் தகரக் கொட்டில் ஒன்று தனக்கு. அதற்கடுத்த ஆண்டு வாழ்வாதார உதவியில் கிடைத்த ஆடுகளுக்கு ஒரு கொட்டில். உதவி கொடுத்தவர்கள் ஆட்டுக்கொட்டிலை வளவின் மேட்டுப் பக்கத்தில், வீதிக்குத் தெரியும்படி வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். மேடு ஆட்டுக்கு நல்லதுதான். ஆட்டின் காலில் ஈரம் நின்றால் குளம்பு அழுகும், சளி பிடிக்கும், குட்டி தப்பாது. ஆனால் ஆட்டுக்கு நல்ல இடம் மனிசருக்கும் நல்ல இடம் அல்லவா? வீட்டுத் திட்டத்தில் பெயர் வந்து, அளந்து குறிக்க ஆட்கள் வந்தபோது வீதியிலிருந்து இவ்வளவு, கிணற்றிலிருந்து இவ்வளவு, மலசலகூடத்திலிருந்து இவ்வளவு என்று கயிறு பிடித்துப் பார்த்ததில் வீடு வரவேண்டிய இடத்தின் நட்ட நடுவில் ஆட்டுக்கொட்டில் நின்றது.

"இடத்தைத் துப்புரவாக்கி வைச்சால்தான் தைக்குப் பிறகு அத்திவாரம் வெட்டலாம் எண்டு சொன்னவை. பிந்தினால் அடுத்த ஆளுக்குப் போயிடும் எண்டு ஒரு பயம். கூலிக்கு ரெண்டு பேரைக் கேட்டன். மாரி முடியட்டும் அக்கா எண்டினம். மாரி முடியுமட்டும் வீடு நிக்குமே தங்கச்சி?"

மகன் வெளியூரில் வேலை. கணவர் 2009க்குப் பிறகு இல்லை. இறந்தவர் என்று எழுதவும் அவருக்கு மனமில்லை, ஆகவே நாமும் எழுதவில்லை. இடது கால் முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால்.

மாரியில் இந்த மண் எப்படி என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எமது குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக் கல்லின்மேல் போர்த்த மெல்லிய மண். காங்கேசன்துறைப் பக்கம் அந்தக் கல் மேலேயே வந்துவிடும். 1950இல் தொடங்கி 1990 வரை இயங்கிய சீமெந்து ஆலை அங்கே வந்ததே அந்தக் கல்லுக்காகத்தான். ஆண்டு மழையின் பெரும்பங்கு ஒக்ரோபர், நவம்பர், டிசெம்பர் மூன்று மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த மழை கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கித்தான் எமது கிணறுகள் நிறைகின்றன. ஆனால் அடைமழை நாளில் மேல்மண் தாங்காது. அரை அடி ஆழத்துக்குக் களியாகிவிடும். அதற்குக் கீழே கல். இதனால் இந்த ஊரில் கொட்டில் கால்களை ஆழமாகப் புதைக்க முடிவதில்லை. ஆட்டுக்கொட்டிலின் ஆறு பனங்கால்களும் கல்லின்மேல்தான் நிறுத்தப்பட்டிருந்தன. அக்காவுக்கு வாய்ப்பாக அமைந்த ஒரே விசயம் அதுதான். புதைத்த கால் என்றால் தனியாளால் கதை இல்லை.

எட்டடி நீளம், ஆறடி அகலம். நிலத்திலிருந்து இரண்டரை அடி உயரத்தில் பனஞ்சலாகைப் பரண், புழுக்கை கீழே விழ இடைவெளி விட்டது. மேலே தகரம். பனைமரம் நல்ல வைரம். சட்டம் மட்டுமே நாலு ஆம்பிளைகள் பிடிக்கிற பாரம். முழுவதும் கழற்றிப் பூட்டலாமே என்று நாம் கேட்டோம். அக்கா ஒரு காலின் தலைப்பைத் தடவிக் காட்டினார். அரை அடி ஆணி, ஏழு மாரி கண்டு துருப்பிடித்து மரத்தோடு மரமாகிக் கிடந்தது. "உதைக் கழட்ட வெளிக்கிட்டால் தலைப்பு பிளக்கும். பிறகு கொட்டில் இல்லை, விறகுதான்." ஆகவே கழற்றக்கூடியதை மட்டும் கழற்றிச் சட்டத்தை முழுதாக நகர்த்துவது என்று முடிவு.

முதலில் மழை இரண்டு நாள் வெளித்ததா என்று பார்த்தார். மார்கழி நடுப்பகுதிக்குப் பிறகு மழை விட்டு விட்டுத்தான் வரும். இடையில் பனி விழும், காலையில் வெயில் எறிக்கும். அப்படி ஒரு வெளிப்பு. ஆடுகளைத் தன் கொட்டில் தாழ்வாரத்தில் கட்டினார். தகர ஆணிகளைப் பிடுங்கி ஒரு பால்மா ரின்னுக்குள் போட்டார். நிலத்தில் ஓர் ஆணிகூட விழவிடவில்லை. தகரம் பாரம் இல்லை. ஆனால் காற்று பிடித்தால் ஆளையும் கொண்டு போகும், கையை வெட்டும். அதனால் கையில் பழைய காலுறையை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக இறக்கி நிலத்தில் படுக்க வைத்து மேலே கல் வைத்தார். கூரைக்கு ஏற ஏணி இல்லை. பரணில் ஏறி நின்று செய்தார். வீதியால் போன ஒரு பெரியவர் "பொம்பிளைப் பிள்ளை கூரையிலை ஏறலாமோ" என்று கேட்டுவிட்டுப் போனாராம். கேட்டவர் தகரத்தின் ஒரு நுனியைப் பிடித்துவிட்டுப் போயிருக்கலாம் என்பது எமது அபிப்பிராயம்.

பிறகு பரண் சலாகைகள். ஒவ்வொன்றிலும் கரியால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதிக் கழற்றி அடுக்கினார். சட்டம் மட்டும் எலும்புக்கூடாக நின்றது. அப்படியே இழுத்தால் அது ஒரு பக்கம் கோணிச் சரிந்துவிடும். மூலைக்கு மூலை குறுக்காக நாலு தடிகளை வைத்துக் கயிற்றால் இறுக்கினார். இது முக்கியம். சட்டம் கோணாமல் இருந்தால்தான் ஒரு பக்கம் தூக்க மற்றப் பக்கமும் சேர்ந்து வரும்.

இனித் தூக்குவது. இதற்கு அவர் எடுத்தது அலவாங்கு. எங்கள் ஊர்த் துலாவைத் தெரிந்த பெண்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆடுகாலுக்கு அங்கால் இருக்கும் கனம் இங்கால் இருக்கும் பட்டைத் தண்ணீரைத் தூக்குகிறது. கை வழிகாட்டினால் போதும். அலவாங்கும் அதே துலாதான், குட்டித் துலா. அக்காவின் அலவாங்கு ஐந்தடி. நுனியிலிருந்து அரை அடியில் ஒரு கல்லைக் கீழே கொடுத்தால் கல்லுக்கு இங்கால் நாலரை அடி. நாலரைக்குள் அரை ஒன்பது முறை போகும். ஆகவே நாம் 20 கிலோ பாரத்தை மேலிருந்து அமுக்கினால் அந்தப் பக்கம் 180 கிலோ எழும்பும். எழும்புவது இரண்டு விரல் உயரம்தான். ஆனால் இரண்டு விரல் போதும். ஓர் ஓட்டுத் துண்டைத் தடியால் உள்ளே தள்ளிவிட்டு அடுத்த காலுக்குப் போகலாம். ஆறு காலையும் சுற்றி வந்து, மீண்டும் முதல் காலிலிருந்து இன்னொரு துண்டு. அப்படி ஒரு சாண் உயர்த்த ஒரு பகல் போயிற்று.

"குனிஞ்சு தூக்கிறேல்லை. தூக்கவே இல்லை நான். அலவாங்கிலை ஏறி இருந்தன், அவ்வளவுதான். கையைக் கால்களுக்குக் கீழை விடுறேல்லை. கல்லு வைக்கிறதும் எடுக்கிறதும் தடியாலை."

ஒரு சாண் உயர்ந்ததும் கால்களுக்குக் கீழே நீளவாக்கில் இரண்டு பனந்துண்டுகளைக் கொடுத்துக் கால்களோடு கட்டினார். அவற்றுக்குக் கீழே குறுக்காக உருளைத் தடிகள். இது மயிலிட்டிப் பாடம். கடற்கரையில் வள்ளத்தை ஏற்றும்போது முன்னுக்கு உருளை போட்டுத் தள்ளுவார்கள். பின்னுக்குக் கழன்ற உருளையைத் தூக்கிக்கொண்டு முன்னுக்கு ஓடுவதுதான் சிறுபிள்ளைகளின் வேலை. சிறுவயதில் தாய்மாமன் வீட்டுக்குப் போகும்போது அந்த வேலையைத் தான் செய்திருப்பதாக அக்கா சொன்னார். பூவரசந் தடிகள் ஐந்து, ஒரே பருமனாகத் தேடி வெட்டியது. ஆனால் கடற்கரை மணல் வேறு, இந்தக் களிமண் வேறு. உருளை புதைந்தால் அதோடு சரி. அதற்குப் பனை மட்டைகளை நெருக்கி நெருக்கி நிலத்தில் அடுக்கி ஒரு பாதை போட்டார். மட்டையின் வழுவழுப்பான பக்கம் மேலே. வளவுக்குள் விழுந்து கிடந்த மட்டை எல்லாம் அன்றுதான் பிரயோசனப்பட்டது.

தள்ளினால் கொஞ்சம் அசைந்தது. ஆனால் செயற்கைக் காலை ஊன்றிப் பாரம் தள்ளச் சேற்றில் அது நிற்கவில்லை. இங்கேதான் நாம் ஆச்சரியப்பட்ட இடம். மயிலிட்டியில் தொழில் செய்கிற உறவினரிடம் பழைய வள்ளக் கயிறு வாங்கியிருந்தார். ஒரு தலைப்பு சட்டத்தின் அடியில். மற்றத் தலைப்பு முன்னுக்கு நின்ற பனையின் அடியில் சுற்றி மீண்டும் சட்டத்துக்கு. இப்போது இரண்டு பிரி கயிறு விறைப்பாக நிற்கிறது. அதன் நடுவில் ஒரு தடியைச் செருகிச் சுற்றச் சுற்றக் கயிறு முறுகும். முறுக முறுக நீளம் குறையும். சட்டம் தானாகவே பனையை நோக்கி வரும். உடுப்பைப் பிழிவது போலத்தான். ஒரு முறுக்குக்கு ஒரு முழம், அல்லது அரை முழம். பிறகு முறுக்கை அவிழ்த்து, கயிற்றைக் குறுக்கிக் கட்டி, மீண்டும். தடியைச் சுற்றும்போது கைவிட்டால் அது விசிறி போலத் திரும்பி வந்து பல்லை உடைக்கும். ஆகவே தடியின் நுனியை ஒரு கட்டையில் கட்டி நிறுத்தாமல் அவர் ஒருமுறையும் கை எடுக்கவில்லை. முகத்தை எப்போதும் ஒரு பக்கம் விலக்கியே வைத்திருந்தார்.

நேரே பன்னிரண்டு யார், பிறகு ஒரு திருப்பம். திருப்புவதற்கு உருளைகளைச் சற்றுச் சரிவாகப் போட்டார். தேர்ச் சில்லுக்குள் கட்டை கொடுத்துத் திருப்புகிற ஆளைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். மாவிட்டபுரத்துத் தேரை இவரும் பார்த்திருப்பார்.

அந்தக் காலைப் பற்றியும் எழுத வேண்டும். 1968இல் இந்தியாவின் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டொக்டர் பி. கே. சேத்தியும் சேர்ந்து உருவாக்கிய கால் அது. மேல்நாட்டுச் செயற்கைக் கால்கள் சப்பாத்துப் போட்டுக் கதிரையில் இருக்கிறவர்களுக்குச் செய்தவை. எங்களைப் போல நிலத்தில் குந்துகிற, வெறுங்காலோடு நடக்கிற, சேற்றில் இறங்குகிற ஆட்களுக்கு அவை சரிவரவில்லை. ஜெய்ப்பூர்ப் பாதம் றப்பரால் ஆனது. ஈரம் படலாம், பாதம் வளைந்து கொடுக்கும், குந்தி இருக்கலாம். யாழ்ப்பாணத்தில் 1987இல் தொடங்கிய ஜெய்ப்பூர் நிலையம் எத்தனை இடப்பெயர்வுக்குள்ளும் கால் செய்துகொண்டே இருந்தது. வழுக்குகிற களியில் பாரம் தள்ள அந்தப் பாதத்தாலும் ஏலாது என்பது உண்மை. நல்ல காலிலும் பலருக்கு ஏலாது. மாலையில் காலைக் கழற்றித் துடைத்து, எஞ்சிய முழங்கால் பகுதி நனைந்து புண் படாமல் காயவைத்த பிறகுதான் அக்கா சாப்பிட்டார். மாரியில் கால் போட்டிருக்கும் சகோதரிகள் இதை மறக்கக்கூடாது. ஈரத்தோடு இறுகக் கட்டிக்கொண்டு திரிந்தால் தோல் உரிந்து ஒரு மாதம் நடக்க முடியாமல் போகும்.

இப்படி வீட்டை, கொட்டிலை முழுதாக நகர்த்துவது எங்களுக்கு மட்டும் வந்த பாடு அல்ல. கனடாவின் கிழக்குக் கரையில் நியூபவுண்ட்லாந்து என்று ஒரு பெரிய தீவு. 1986 ஓகஸ்டில், உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த எமது ஆட்கள் 155 பேரை அந்தத் தீவின் மீனவர்கள் கண்டு கரை சேர்த்த செய்தி பலருக்கு ஞாபகம் இருக்கும். அதே தீவில் 1954 தொடக்கம் 1975 வரை சிறிய மீன்பிடிக் கிராமங்களை மூடி மக்களை வேறு இடங்களில் குடியேற்றினார்கள். ஏறக்குறைய 300 கிராமங்கள், சுமார் 30,000 பேர். அங்கே போர் இல்லை. பாடசாலை, ஆஸ்பத்திரி, வீதி கிடைக்கும் என்று சொல்லி அரசாங்கம் எழுப்பியது. மரவீடுகள். பலர் வீட்டை விட்டுப் போக மனமில்லாமல் வீட்டையே கொண்டு போனார்கள். வீட்டை உருளையில் ஏற்றிக் கரைக்கு இழுத்து, அடியில் வெற்றுப் பீப்பாய்களைக் கட்டிக் கடலில் மிதக்கவிட்டு, படகுகளால் கட்டி இழுத்துப் போனார்கள். குளிர்காலத்தில் கடல் உறைந்தால் பனிக்கட்டியின்மேல் சறுக்கி இழுத்தார்கள். அங்கே குளிர்காலம் பாரம் இழுப்பதற்கு வசதியான காலம். எங்கள் மாரி அப்படி இல்லை. அவர்களுக்கு நிலம் கல்லாகிறது. எங்களுக்குக் கல்லும் களியாகிறது. கனடாவில் இருக்கும் தங்கைக்கு மார்கழிக் குளிர் என்று சொன்னால் சிரிக்கிறாள் என்று அக்காவும் சொல்லிச் சிரித்தார். அந்தத் தீவு வீடுகளின் படத்தைப் பின்னொரு நாள் நாம் கொண்டுபோய்க் காட்டியபோது வெகுநேரம் பார்த்துவிட்டு, "கிணத்தை என்ன செய்தவை?" என்று கேட்டார். எமக்குப் பதில் தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே அலவாங்கோடு வெளிக்கிட நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. உடம்பில் ஷெல் துண்டு இருப்பவர்கள், கர்ப்பப்பை இறக்கம் உள்ளவர்கள், வயிற்றில் சத்திரசிகிச்சை செய்தவர்கள் இதைச் செய்ய வேண்டாம். கிளினிக்கில் கேட்கக் கூச்சப்பட்டு, பாரம் தூக்கிப் பிறகு வருந்துகிற பெண்கள் எங்களுக்குள் நிறையப் பேர். பழைய ஆணி குத்தினால், தகரம் வெட்டினால், சிறு காயம்தானே என்று இருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஏற்பு ஊசி போட வேண்டும். மின்னல் வெட்டுகிற நேரத்தில் தகரமும் அலவாங்கும் கையில் இருக்கக்கூடாது.

இன்னொன்று நிலம். விடப்பட்ட காணி என்றால் மிதிவெடி அகற்றிய காணிதானா என்று கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிப்படுத்தாமல் கிண்டவோ, குப்பை கொளுத்தவோ கூடாது. இலங்கை 2017 டிசெம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. முகமாலைப் பக்கம் வெடி அகற்றும் பெண்கள் முழங்காலில் இருந்து சாண் சாணாக மண்ணைக் கிளறிப் பார்த்ததை ஏ9 வீதியால் போனவர்கள் கண்டிருப்பீர்கள். மழை மண்ணைக் கழுவும்போது புதைந்தது மேலே வரும். துருப்பிடித்த எந்தச் சாமானையும் தொடாமல், அதைச் சுற்றித் தூரத்தில் ஒரு அடையாளம் வைத்துவிட்டு, வந்த காலடி வழியாலேயே திரும்பிப் போய் அறிவிக்க வேண்டும். அக்கா தன் வளவில் மட்டை அடுக்கிய பாதையை ஆட்கள் ஏற்கெனவே நடந்து தேய்ந்த வழியிலேயே போட்டதற்குக் காரணம் மேடு பள்ளம் மட்டும் அல்ல.

மூன்றாம் நாள் பின்னேரம், கடைசி ஆறு யார் இருக்கும்போது மழை தூறத் தொடங்கியது. அப்போதுதான் அடுத்த வளவுப் பிள்ளைகள் இரண்டு பேர் பாடசாலை விடுமுறையில் சும்மா நின்றவர்கள் ஓடி வந்து உருளை மாற்றிக் கொடுத்தார்கள். ஆகவே முழுக்க முழுக்கத் தனியே என்று எழுதினால் அந்தப் பிள்ளைகள் கோபிப்பார்கள். புதிய இடம் வளவின் தெற்கு மூலை, பள்ளம். அங்கே அக்கா முன்கூட்டியே உடைந்த பழைய வீட்டின் கற்களை அடுக்கி முழங்கால் உயரத்துக்குத் திண்ணை போல ஒரு மேடு செய்து, அதற்கு ஏறுவதற்குச் சரிவும் விட்டிருந்தார். தகப்பன் கட்டிய வீட்டின் கல். சட்டத்தை அதன்மேல் ஏற்றி, உருளைகளை உருவி, அலவாங்கால் ஒரு காலுக்கு ஒரு ஓடாகக் கழற்றி இறக்கினார். கறையான் ஏறாமல் ஒவ்வொரு காலுக்கும் கீழே கொங்கிறீற்றுக் கல். பரண் சலாகை எழுத்துப் படியே பொருந்தியது; பதினொன்றாம் இலக்கம் மட்டும் மழையில் அழிந்துபோய்த் தேட வேண்டி வந்தது.

அன்றிரவு ஆடுகள் புது இடத்தில் ஏற மறுத்தன. பழைய இடத்தில் போய் நின்று கத்தின. கிளுவங் குழையைக் காட்டித்தான் ஏற்றினார்.

பழைய இடத்தில் ஆறு கால்களும் நின்ற இடம் மட்டும் வட்டம் வட்டமாகக் காய்ந்து தெரிந்தது. நடுவில் ஏழு வருடப் புழுக்கை. அதைக் கடகத்தால் அள்ளி வாழையடிக்குக் கொட்டினார். தைப்பொங்கல் முடிந்த கிழமை மேசன் வந்து கயிறு கட்டினார். அத்திவாரம் வெட்டத் தொடங்கி அரை அடியில் கல் வந்தது.